ஓடும் எஞ்சின் நல்ல எஞ்சினா?



உண்மையான ரயிலை அப்படியே சிறிதாக்கி, மேசைமேல் போட்ட தண்டவாளத்தில் மின்சாரத்தால் ஓட்டி மகிழ்வது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வேரூன்றிய பொழுதுபோக்கு. ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1891ஆம் ஆண்டு லைப்சிக் சந்தையில், சாவி கொடுத்தால் ஓடும் ரயிலை எட்டு வடிவத் தண்டவாளத்துடன் காட்சிக்கு வைத்தது. பிரிட்டனில் ஃபிராங்க் ஹார்ன்பியின் நிறுவனம் 1920இல் ரயில்கள் செய்யத் தொடங்கியது. 1938இல் 'ஹார்ன்பி டப்ளோ' என்ற சிறிய அளவு மின்ரயிலை வெளியிட்டது. அன்று முதல் இன்று வரை செய்யப்பட்ட எஞ்சின்களில் ஏராளமானவை கை மாறிக் கை மாறி விற்பனைக்கு வந்தவண்ணம் உள்ளன.

புதிய எஞ்சின் விலை அதிகம். ஆகவே, இந்தப் பொழுதுபோக்கில் புதிதாக நுழையும் மாணவன் பெரும்பாலும் பழைய எஞ்சினைத்தான் நாடுகிறான். விற்பவர் எஞ்சினைத் தண்டவாளத்தில் வைக்கிறார், குமிழைத் திருகுகிறார், எஞ்சின் சிட்டாய்ப் பறக்கிறது. "பார்த்தாயா, எப்படி ஓடுகிறது!" என்கிறார். பல மாதங்கள் சேர்த்த பணத்தை மாணவன் உடனே எடுத்து நீட்டலாமா?

நீட்டக்கூடாது. 'ஓடுகிறது' என்பதும் 'நலமாக இருக்கிறது' என்பதும் ஒன்றல்ல. சில வேளைகளில், வேகமாக ஓடுவதே நோயின் அறிகுறியாகவும் இருக்கும்! இது எப்படி என்பதை நீங்கள் வகுப்பில் படிக்கும் இயற்பியலைக் கொண்டே விளக்கிவிடலாம்.

முதல் கேள்வி: எந்த அளவு?

உலகின் பெரும்பாலான ரயில் பாதைகளில் இரு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் 1,435 மில்லிமீட்டர். இதை 87ஆல் வகுத்தால் 16.5 மி.மீ. வரும். இதுவே 'ஹெச்.ஓ.' எனப்படும் அளவு. 160ஆல் வகுத்தால் ஏறத்தாழ 9 மி.மீ. இது 'என்' அளவு. ஓர் அளவுக்குரிய எஞ்சின் மற்றோர் அளவுப் பாதையில் நிற்கவே நிற்காது.

பிரிட்டனில் ஒரு வேடிக்கை உண்டு. அந்நாட்டு எஞ்சின்கள் ஐரோப்பிய எஞ்சின்களைவிடக் குறுகலானவை. அவற்றை 87இல் ஒரு பங்காகக் குறைத்தபோது, அக்காலத்து மோட்டார் உடலுக்குள் அடங்கவில்லை. எனவே எஞ்சினை மட்டும் சற்றுப் பெரிதாக, ஏறத்தாழ 76இல் ஒரு பங்காகச் செய்தார்கள், பாதையை 16.5 மி.மீ. அகலத்திலேயே விட்டுவிட்டார்கள். இதுதான் 'ஓ.ஓ.' அளவு. கணக்குப்படி அந்தப் பாதை 18.8 மி.மீ. இருக்க வேண்டும். நம் நாட்டு அகலப்பாதைக்கும் இதே சிக்கல் உண்டு. 1,676 மி.மீ. அகலத்தை 87ஆல் வகுத்துப் பாருங்கள், 19.3 மி.மீ. வரும். 16.5 மி.மீ. பாதையில் ஓடும் இந்திய எஞ்சின் மாதிரி, அகல அளவில் சற்றே பொய் சொல்கிறது!

இரண்டாவது கேள்வி: எந்த மின்சாரம்?

அகலம் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. மின்சாரமும் பொருந்த வேண்டும். மூன்று முறைகள் பரவலாக உள்ளன.

முதலாவது, இரண்டு தண்டவாளங்களிலும் 12 வோல்ட் வரையான நேர்மின்சாரம் செலுத்தும் முறை. ஒரு தண்டவாளம் நேர்முனை, மற்றது எதிர்முனை. முனைகளை மாற்றினால் எஞ்சின் பின்னோக்கி ஓடும். மின்னழுத்தத்தைக் கூட்டினால் வேகம் கூடும். தொடக்கநிலை மாணவனுக்கு எளிதில் புரியும் முறை இதுவே.

இரண்டாவது, மார்க்லின் நிறுவனம் பின்பற்றிய மாறுமின்சார முறை. அதில் பாதையின் நடுவே மூன்றாவது மின்தொடர்பு உண்டு. பழைய மார்க்லின் எஞ்சினில் நிலைக்காந்தத்துக்குப் பதிலாகப் புலச் சுருளைக் கொண்ட மோட்டார் இருக்கும். மின்னோட்டம் திசை மாறும்போது சுழலும் சுருளிலும் புலச் சுருளிலும் ஒருங்கே மாறுவதால், திருப்பு விசையின் திசை மாறுவதில்லை. நிலைக்காந்தம் கொண்ட எஞ்சினை இந்தப் பாதையின் மாறுமின்சாரத்தோடு இணைத்தால் என்ன ஆகும்? காந்தம் மாறாமல் நிற்க, மின்னோட்டம் மட்டும் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலையும். சராசரித் திருப்பு விசை சுழி. எஞ்சின் நகராமல் உறுமிக்கொண்டே சூடாகும்.

மூன்றாவது, 1990களில் அமெரிக்க மாதிரி ரயில் சங்கம் தரப்படுத்திய எண்முறைக் கட்டுப்பாடு. இதை 'டி.சி.சி.' என்பார்கள். தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும். அது மிக விரைவாகத் திசை மாறிக்கொண்டே குறியீடுகளைச் சுமந்து செல்லும். எஞ்சினுக்குள் இருக்கும் சிறு மின்சுற்று தனக்குரிய கட்டளையைப் பிரித்தெடுத்து மோட்டாரை இயக்கும். அந்தச் சுற்று இல்லாத பழைய எஞ்சினை இந்தப் பாதையில் வைத்தால், மேலே கண்ட உறுமலும் சூடும்தான் கிடைக்கும். ஆகவே வாங்கும் முன்னரே, "இது எந்த முறைக்கு உரியது?" என்று கேட்டுத் தெளிய வேண்டும்.

மோட்டாரின் உள்ளே

இனி நம் முக்கியக் கேள்விக்கு வருவோம். நேர்மின்சார எஞ்சினின் மோட்டாரில் ஒரு நிலைக்காந்தம், அதன் புலத்தில் சுழலும் சுருள்கள், திசைமாற்றி, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் இரு தூரிகைகள் ஆகியவை உள்ளன. சுருளில் மின்னோட்டம் பாய்ந்தால் அது சுழல்கிறது. சுழலும் சுருள் காந்தப்புலத்தை வெட்டுவதால், அதே சுருளில் ஒரு மின்னியக்கு விசை தூண்டப்படுகிறது. லென்ஸ் விதிப்படி அது செலுத்தும் மின்னழுத்தத்தை எதிர்க்கிறது. இதுவே எதிர் மின்னியக்கு விசை.

மூன்று உண்மைகளை நினைவில் கொள்ளுங்கள்.

1. திருப்பு விசை = காந்த வலிமை × மின்னோட்டம்.
2. எதிர் மின்னியக்கு விசை = காந்த வலிமை × சுழல் வேகம்.
3. செலுத்தும் மின்னழுத்தம் = எதிர் மின்னியக்கு விசை + (மின்னோட்டம் × மின்தடை).

கணக்கை எளிதாக்க, நல்ல மோட்டாரின் காந்த வலிமையை 1 அலகு என்று கொள்வோம். மின்தடை 20 ஓம். செலுத்தும் மின்னழுத்தம் 12 வோல்ட். எஞ்சின் தனியாக ஓடும்போது 0.1 ஆம்பியர் எடுக்கிறது என்க. மின்தடையில் இழப்பு 0.1 × 20 = 2 வோல்ட். மீதி 10 வோல்ட் எதிர் மின்னியக்கு விசை. ஆகவே வேகம் 10 அலகு.

இப்போது காந்தம் வலுவிழந்து 0.8 அலகாகிவிட்டது என்று கொள்வோம். எஞ்சினை நகர்த்தத் தேவையான திருப்பு விசை மாறவில்லை. காந்தம் குறைந்ததால், அதே விசையைத் தர மின்னோட்டம் 0.1 ÷ 0.8 = 0.125 ஆம்பியராகக் கூடுகிறது. மின்தடையில் இழப்பு 2.5 வோல்ட், மீதி 9.5 வோல்ட். வேகம் = 9.5 ÷ 0.8 = ஏறத்தாழ 11.9 அலகு.

பார்த்தீர்களா! நோயுற்ற எஞ்சின் நல்ல எஞ்சினைவிட 19 விழுக்காடு வேகமாக ஓடுகிறது. காந்தம் வலுவிழந்தால், தேவையான எதிர் மின்னியக்கு விசையை உண்டாக்க மோட்டார் இன்னும் வேகமாகச் சுழல வேண்டியிருக்கிறது. விற்பவர் காட்டிய 'சிட்டுப் பறப்பின்' மறைபொருள் இதுவாகவும் இருக்கலாம்.

இனி அதே எஞ்சினின் பின்னால் பெட்டிகளைக் கோப்போம். நல்ல எஞ்சின் 0.4 ஆம்பியர் எடுப்பதாகக் கொண்டால், இழப்பு 8 வோல்ட். எதிர் மின்னியக்கு விசை 4 வோல்ட். வேகம் 4 அலகு. காந்தம் குன்றிய எஞ்சின் 0.5 ஆம்பியர் எடுக்கும். இழப்பு 10 வோல்ட். மீதி 2 வோல்ட். வேகம் 2 ÷ 0.8 = 2.5 அலகுதான். தனியாகப் பறந்த எஞ்சின் சுமையைக் கண்டதும் தவழ்கிறது. சூட்டையும் பாருங்கள். நல்ல மோட்டாரில் 0.4 × 0.4 × 20 = 3.2 வாட், நோயுற்றதில் 0.5 × 0.5 × 20 = 5 வாட். ஒன்றரை மடங்குக்கும் மேல்! தொடர்ந்து ஓட்டினால் சுருளின் காப்புப் பூச்சு கருகக்கூடும்.

ஆகவே, முதல் பாடம்: எஞ்சினைத் தனியாக ஓட்டிக் காட்டினால் ஏற்காதீர்கள். சில பெட்டிகளைக் கோத்து, பத்து நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள். பிறகு உடலைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு. விரலை வைக்க முடியாத சூடும், கருகிய நாற்றமும் ஆபத்து.

காந்தம் ஏன் வலுவிழக்கிறது? பிரிட்டனின் ட்ரை-ஆங் எஞ்சின்களில் 1950களிலிருந்து பல ஆண்டுகள் பயன்பட்ட 'எக்ஸ்.04' மோட்டார் போன்றவற்றில், அலுமினியம், நிக்கல், கோபால்ட் ஆகியவை இரும்புடன் சேர்ந்த 'அல்நிக்கோ' காந்தம் உண்டு. இரும்புத் துண்டுகள் அதன் இரு முனைகளையும் இணைத்துக் காந்தப் பாயத்துக்கு வழி தருகின்றன. பழுது பார்க்கிறேன் என்று யாராவது மோட்டாரைக் கழற்றிக் காந்தத்தைத் தனியே எடுத்தால், அந்த வழி அறுபட்டுக் காந்தம் தன் வலிமையில் ஒரு பகுதியை இழந்துவிடும். "மோட்டாரை யாராவது பிரித்தார்களா?" என்று கேட்பது இதனால்தான். இந்தக் குறைக்கு மருந்து உண்டு. மீண்டும் காந்தமேற்றலாம், அல்லது சிறிய நியோடிமியம் காந்தங்களைப் பொருத்தலாம். எனினும் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேச வேண்டும்.

கையும் காதும் செய்யும் சோதனை

சக்கரத்தை விரலால் தள்ளிப் பார்க்கிறீர்கள், சுழலவில்லை. எஞ்சின் இறுகிப் போயிற்று என்று முடிவு செய்யலாமா? அவசரம் வேண்டாம். பல எஞ்சின்களில் மோட்டார் அச்சில் திருகு போன்ற புரியும், சக்கர அச்சில் அதோடு கவ்வும் பற்சக்கரமும் இருக்கும். புரி பற்சக்கரத்தைச் சுழற்றும்; பற்சக்கரத்தால் புரியைச் சுழற்ற முடியாது. உராய்வு அதைத் தடுத்துவிடும். இது குறை அல்ல, அமைப்பின் இயல்பு. வலிந்து தள்ளினால் பற்கள்தாம் உடையும். மோட்டாரின் அச்சை விரலால் திருகிப் பார்ப்பதே சரியான முறை. ஒரே சீராகத் திரும்ப வேண்டும். இறுக்கம் இருந்தால், அது பெரும்பாலும் பசையாய்ப் போன பழைய எண்ணெயாக இருக்கும். சுத்தம் செய்து ஒரு சொட்டுப் புதிய எண்ணெய் விட்டால் தீரும்.

மெதுவாக ஓட்டிக் காதைக் கொடுங்கள். 'டிக், டிக்' என்று ஒலி வருகிறதா? எண்ணிப் பாருங்கள். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒரு முறை ஒலித்தால், குறை சக்கர அச்சில் இருக்கும் பற்சக்கரத்தில் உள்ளது. பிளாஸ்டிக் பற்சக்கரம் வயதாகி வெடித்தால் இவ்வாறு ஒலிக்கும். சக்கரம் ஒரு முறை சுற்றுவதற்குள் இருபது, முப்பது முறை ஒலித்தால், விரைந்து சுழலும் மோட்டார் அச்சில் கோளாறு. ஒலியின் அதிர்வெண்ணே நோயின் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது!

நீராவி எஞ்சின் மாதிரியாக இருந்தால், சக்கரங்களை இணைக்கும் தண்டுகளைக் கவனியுங்கள். இடப்பக்கத் தண்டும் வலப்பக்கத் தண்டும் ஒன்றுக்கொன்று 90 பாகை விலகி நிற்க வேண்டும். ஒரு பக்கத் தண்டு சக்கரத்தைத் திருப்ப இயலாத நிலையில் நேர்கோட்டில் நிற்கும்போது, மறுபக்கத் தண்டு முழு ஆற்றலோடு திருப்பும். ஏதேனும் ஒரு சக்கரம் அச்சில் நழுவி இந்தக் கோணம் பிசகினால், ஒவ்வொரு சுற்றிலும் எஞ்சின் ஒரு முறை திணறும்.

மின்தொடர்பும் பிடிப்பும்

எஞ்சின் விட்டுவிட்டு ஓடினால், முதலில் சக்கரங்களைப் பாருங்கள். சக்கரங்களே தண்டவாளத்திலிருந்து மின்சாரத்தைப் பெறுகின்றன. அவற்றின்மேல் கருமையான அழுக்கு படிந்தால் மின்தடை கூடும், தீப்பொறி தெறிக்கும். தீப்பொறி மேலும் கருமையை உண்டாக்கும். இதற்காக எஞ்சினை ஒதுக்க வேண்டியதில்லை. துணியும் சுத்தம் செய்யும் திரவமும் போதும். ஆனால் மின்சாரம் பெறும் சக்கரங்கள் எத்தனை என்று பாருங்கள். எண்ணிக்கை கூடக் கூட, ஒன்று தொடர்பை இழந்தாலும் மற்றொன்று கைகொடுக்கும்.

சில எஞ்சின்களின் ஓட்டுச் சக்கரத்தில் மெல்லிய ரப்பர் வளையம் மாட்டியிருப்பார்கள். இழுவிசையின் உச்ச அளவு, உராய்வுக் குணகத்தையும் ஓட்டுச் சக்கரங்களின்மேல் உள்ள எடையையும் பெருக்கி வருவது அல்லவா? எடையைக் கூட்டாமல் உராய்வைக் கூட்டும் உத்தி இது. ரப்பர் காய்ந்து கெட்டியாகிவிட்டால் சக்கரம் சுழலும், எஞ்சின் நகராது. புது வளையம் வாங்கச் செலவு சொற்பமே.

மருந்தில்லாத நோய்

ஒன்றை மட்டும் கண்டால் பேரம் பேசாமல் விலகிவிடுங்கள். பழைய எஞ்சின்களின் அடிச்சட்டமும் சக்கரங்களும் துத்தநாகக் கலவையால் வார்க்கப்பட்டவை. அந்தத் துத்தநாகத்தில் ஈயம் சிறிதளவு கலந்துவிட்டாலும், 0.01 விழுக்காடே ஆனாலும், தீங்கு நேரும். ஈயம் உலோகப் படிகங்களின் இடைவெளிகளில் தங்கும். காற்றின் ஈரமும் வெப்பமும் சேர்ந்தால், படிக எல்லைகள் வழியே அரிப்பு உள்ளே பரவும். வார்ப்பு மெல்ல மெல்லப் பருத்து, வளைந்து, விரிசல் விட்டு, கடைசியில் விரலில் பொடியாய் உதிரும். இரண்டாம் உலகப் போருக்கு முந்திய பொருள்களில் இதை மிகுதியாகக் காணலாம். பிற்காலத்து எஞ்சின்களிலும் எப்போதாவது தலைகாட்டியதுண்டு.

இது தொற்றுநோய் அல்ல. பக்கத்தில் உள்ள நல்ல எஞ்சினுக்குப் பரவாது. ஆனால் வார்க்கும்போதே உள்ளே புகுந்த நோய் என்பதால் குணப்படுத்தவும் முடியாது. அடிச்சட்டத்தின் ஓரத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் பாருங்கள். வளைவு, மயிரிழை விரிசல், கொப்புளம் ஆகியவை தெரிந்தால், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

உயிருக்கு இடையூறு எது?

தண்டவாளத்தில் உள்ள 12 வோல்ட் உங்களை ஒன்றும் செய்யாது. ஆனால் அந்த 12 வோல்ட்டைத் தரும் மின்மாற்றிப் பெட்டியின் மறுமுனை, வீட்டு மின்சாரமான 230 வோல்ட்டில் செருகப்படுகிறது. பழைய எஞ்சினோடு பழைய மின்பெட்டியையும் இலவசமாகச் சேர்த்துத் தருவார்கள். வெடித்த கம்பி உறையும் உள்ளே இற்றுப்போன காப்பும் வெளியில் தெரியாது. அதைச் செருகிப் பார்க்காதீர்கள். எஞ்சின் பழையதாக இருக்கலாம். மின்பெட்டி புதியதாகவே இருக்கட்டும். எஞ்சினைச் சோதிக்க 9 வோல்ட் மின்கலம் ஒன்றே போதும். இரு கம்பிகளை இரு பக்கச் சக்கரங்களிலும் தொட்டால், மோட்டாருக்கு உயிர் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

சுருக்கமாகச் சொன்னால்

துடைத்தால் தீர்வன: அழுக்குச் சக்கரம், பசையான எண்ணெய்.

சிறு செலவில் தீர்வன: தேய்ந்த தூரிகை, காய்ந்த ரப்பர் வளையம், உடைந்த கொக்கி.

விலையைக் குறைத்தே வாங்க வேண்டியன: வலுவிழந்த காந்தம், வெடித்த பற்சக்கரம்.

தொடவே கூடாதவை: அறுந்த அல்லது கருகிய சுருள், உதிரும் துத்தநாக வார்ப்பு.

முதல் எஞ்சின், பெரும் எண்ணிக்கையில் செய்யப்பட்ட சாதாரண வகையாக இருப்பது நல்லது. உதிரி பாகங்கள் எளிதில் கிடைக்கும். நீளமான எஞ்சின் கண்ணுக்கு அழகு, ஆனால் ஓ.ஓ. அளவின் மிகச் சிறிய வழக்கமான வளைவான 371 மி.மீ. ஆரத்தில் அது தடம்புரளக்கூடும். நான்கு அல்லது ஆறு சக்கரங்கள் கொண்ட குட்டை எஞ்சின் இலகுவாகத் திரும்பும். அட்டைப்பெட்டி புதிதாக இருப்பதற்கென்று கூடுதல் விலை கேட்பார்கள். பெட்டி ஓடப்போவதில்லை!

எஞ்சின் கையில் இல்லாதவர்களும் வருந்த வேண்டாம். ஒரு பொம்மைக் காரின் மோட்டார், ஒரு மின்கலம், ஓர் அம்மீட்டர் போதும். மோட்டாரை வெறுமனே ஓடவிட்டு மின்னோட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அச்சை விரலால் இலேசாக அழுத்துங்கள். வேகம் குறையக் குறைய மின்னோட்டம் ஏறுவதைக் காண்பீர்கள். அச்சை ஒரு கணத்துக்கு மேல் நிறுத்திப் பிடிக்காதீர்கள், சுருள் சூடாகும். ஏன் என்பதை நீங்களே இப்போது சொல்லிவிடுவீர்கள்.

செய்து பாருங்கள்

1. மேலே கண்ட 20 ஓம் மோட்டார் 12 வோல்ட்டில் முற்றிலும் சிக்கி நின்றுவிட்டால், மின்னோட்டம் எவ்வளவு? வெப்பமாகும் திறன் எவ்வளவு?

2. பழைய காந்தத்துக்குப் பதிலாக, 1.25 அலகு வலிமை கொண்ட நியோடிமியம் காந்தம் பொருத்தினால், தனியாக ஓடும் எஞ்சினின் வேகம் கூடுமா, குறையுமா? பெட்டிகளை இழுக்கும்போது என்ன ஆகும்?

3. ஒரு மோட்டாரில் 30 ஓம் கொண்ட மூன்று சுருள்கள் முக்கோணமாக இணைக்கப்பட்டுள்ளன. எந்த இரு முனைகளுக்கு இடையே அளந்தாலும் 20 ஓம் வரும் என்று நிறுவுக. ஒரு சுருள் அறுந்துவிட்டால் மூன்று அளவுகளும் எவ்வாறு மாறும்?

மூன்றாவது கணக்கைச் சரியாகச் செய்தவர், மோட்டாரைப் பிரிக்காமல் ஒரு மல்டிமீட்டரைக் கொண்டே அறுந்த சுருளைக் கண்டுபிடித்துவிடுவார். விற்பவரின் சொல்லை அவர் நம்பி இருக்க வேண்டியதில்லை.